லஸ்கர் திரிமூர்த்துலு சொன்ன பொய்

எங்கள் ஊர்க் கோதாவரிக் கரையில் நாலு மைல் திரிமூர்த்துலுவின் பொறுப்பு. பாசனத் துறையில் அவருக்கு லஸ்கர் வேலை. கரையில் முள் முளைத்தால் வெட்ட வேண்டும். எலி வளை கண்டால் களிமண் வைத்து அடைக்க வேண்டும். எருமையை ஏற்றி மேய்ப்பவனைத் துரத்த வேண்டும். ஆறு பெருகும் நாட்களில் படகுத்துறை அளவுக்கல்லில் தண்ணீர் எத்தனை அடி என்று பார்த்து ஆபீசுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். இருபத்தாறு வருடம் இதைத்தான் செய்தார். தினம் இரண்டு முறை அந்த நாலு மைலை நடந்து வலது குதிகால் வெடித்துப்போய், ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பார்.

பேச்சு குறைவு. பார்த்ததைச் சொல்வார். பார்க்காததைக் கேட்டால், "நான் பாக்கலையே" என்பார், அவ்வளவுதான். அவர் மனைவி மங்காயம்மா ஒரு முறை ரவிக்கைத் துணியோடு என் தையல் கடைக்கு வந்து புலம்பினாள்: "இந்தக் கலர் எனக்கு எடுக்குமான்னு உங்க மாமாவைக் கேட்டேன் தம்பி. தைச்சுப் போட்ட பிறகுதான சொல்ல முடியும்ங்கறார். இந்த மனுசனோட இருபது வருசம் ஓட்டிட்டேன், எனக்கு ஒரு மாலை போடணும்."

என் கடை படகுத்துறைக்குப் பக்கத்தில், கரையின் அடிவாரத்தில். என் பெயர் சுப்பராயுடு. எங்கள் ஊர் கொமரலங்கா. எதிர்க்கரையில் பொதலபாடு. நடுவே ஆறு, வெயில் காலத்தில் அரை மைல் அகலம், மழைக்காலத்தில் அதைப் போல மூன்று பங்கு. இரண்டு ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு, பெண் கொடுத்து எடுத்ததும் உண்டு. திரிமூர்த்துலுவின் ஒரே மகள் நாகரத்னத்தைப் பொதலபாட்டில் ஏடுகொண்டலுவுக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

எண்பத்தாறாம் வருடம் ஆகஸ்டு மாதம். சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் ஏற்றிய கொடியை இறக்கக்கூட ஆளில்லாமல் அது நனைந்து தொங்கிக் கொண்டிருந்தது. ரேடியோவில் மூன்றாம் அபாய எச்சரிக்கை சொல்லிவிட்டார்கள். அளவுக்கல் முழுகிவிட்டது. திரிமூர்த்துலு பக்கத்தில் ஒரு மூங்கிலை நட்டு அதில் கரியால் கோடு போட்டு வைத்தார். தண்ணீர் கரையின் உச்சிக்கு இரண்டு முழம் கீழே நின்றது. என் கடைக்குள் உட்கார்ந்து பார்த்தால் ஆறு என் தலைக்கு மேலே ஓடியது.

அப்போதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. முதலில், மேலே அணைக்கட்டே உடைந்துவிட்டது, ரேடியோக்காரர்கள் மறைக்கிறார்கள் என்றார்கள். பிறகு, உடையவில்லை, ஏதாவது ஒரு கரையைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றப் பெரிய இடத்தில் முடிவாகிவிட்டது என்றார்கள். மாலைக்குள் அது இன்னும் தெளிவாகிவிட்டது. பொதலபாட்டுக்காரர்கள் படகில் வந்து நம் கரையை வெட்டப் போகிறார்கள்.

ஒரு பக்கத்துக் கரை உடைந்தால் மறுபக்கம் தப்பிக்கும். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும், உண்மையும்தான். அந்த ஒரு உண்மையின் முதுகில்தான் அத்தனை பொய்யும் ஏறி உட்கார்ந்தது.

சைக்கிள் கடைப் பெத்தபாபுதான் அதிகம் கத்தினான். "நாலு படகு! கடப்பாரையும் மண்வெட்டியும் ஏத்தித் தயாரா வச்சிருக்கானுங்க!"

"நீ பாத்தியா?" என்று கேட்டார் திரிமூர்த்துலு.

"எங்க சின்னம்மா மகன் பாத்தான்."

"அவனைக் கூப்பிடு, கேப்போம்."

"அவன் அமலாபுரம் போயிட்டானே."

"அப்ப அவன் வந்த பிறகு பேசுவோம். நான் காலைலேர்ந்து அக்கரையைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நம்மளை மாதிரியே மூட்டை அடுக்கறாங்க. நாம அவங்களைப் பாத்துக்கிட்டு நிக்கற மாதிரி அவங்க நம்மளைப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "பொண்ணைக் குடுத்த ஊராச்சே. மாமா வேற எப்படிப் பேசுவாரு? புலச மீன் அங்கேர்ந்துதான வீட்டுக்கு வருது!"

ஊர்ப் பிரெசிடெண்ட் பாஸ்கரராவ் அறுபது பேரைத் துறையில் காவல் நிறுத்தினார். கழி, கடப்பாரை, தென்னை மட்டை, கையில் கிடைத்தது. நானும் அதில் ஒருவன். பகலில் மணல் மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால் தைத்தேன், முறை வந்தபோது கழியோடு நின்றேன். நான் நம்பினேனா என்று இப்போது கேட்டால், அப்போது நம்பாமல் இருக்க எனக்குத் தெம்பு இல்லை என்றுதான் சொல்ல முடியும். மூன்று நாள் தூங்காதவனுக்கு, எதிரே ஓர் எதிரி இருக்கிறான் என்பது ஆறுதலாக இருந்தது. தண்ணீரை அடிக்க முடியாதே.

மூன்றாம் நாள் காலை ஒரு படகு சுழன்று சுழன்று எங்கள் கரைப்பக்கம் ஒதுங்கியது. இரண்டு பேர், அண்ணன் தம்பி. படகில் ஒரு கடப்பாரை, ஒரு மண்வெட்டி. அவர்கள் வாய் திறக்கும் முன் பெத்தபாபு முதல் அடியைப் போட்டான். அப்புறம் எல்லோரும். என் கழியும் ஒரு முறை இறங்கியது. யார் மேல் பட்டது என்று தெரியாது. தெரிந்துகொள்ள நான் விரும்பியதும் இல்லை.

திரிமூர்த்துலு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, விழுந்து கிடந்தவன் மேல் குறுக்கே படுத்தார். அடி நின்றது. எழுந்து படகுக்குள் இறங்கி மண்வெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கடப்பாரையின் நுனியைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"இதைப் பாருங்க. வெள்ளை வண்டல். ஆத்துக்கு நடுவுல இருக்கற லங்காத் தீவோட மண்ணு. கரையை வெட்டியிருந்தா செம்மண்ணுல்ல ஒட்டியிருக்கும்? இவங்க லங்காவுலேர்ந்து தப்பிச்சு வந்திருக்காங்க." பிறகு படகின் பலகைக்கு அடியிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒரு ஆட்டுக்குட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "கரை வெட்ட வர்றவன் இதை எதுக்குடா கூட்டிட்டு வரப்போறான்?"

கூட்டம் கொஞ்சம் கலைந்தது. அடிபட்டவர்களைக் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தார்கள். ஒருவனுக்கு முன்பற்கள் இரண்டு போயிருந்தன. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, என் கடை வாசலில் ஒருவன் இன்னொருவனிடம் சொல்லிக்கொண்டு போனான்: "ரெண்டு பேரைப் பிடிச்சாச்சாம். சந்தேகம் வராம இருக்க ஆட்டுக்குட்டியெல்லாம் ஏத்திட்டு வந்திருக்கானுங்க, எவ்வளவு கொழுப்பு பாரு!"

அன்று நடுப்பகல் தாண்டி திரிமூர்த்துலு துறைக்கு வந்தார். கையில் ஒரு பித்தளைச் சொம்பு. துறையிலிருந்து ஒன்றரை மைல் கீழே, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டி எப்போதோ மூடிய மதகு ஒன்று உண்டு. அங்கே கரையின் உட்பக்கத்து அடிவாரத்தில் தண்ணீர் குமிழியிட்டு வருகிறது என்றார்.

"கசிவு நேத்தும் இருந்துச்சு. தெளிவா வந்துச்சு, நான் கவலைப்படலை. தெளிஞ்ச தண்ணி வந்தா கரை மூச்சு விடுதுன்னு அர்த்தம். இப்பப் பாருங்க." சொம்பை நீட்டினார். தண்ணீர் செம்மண் கரைசலாக இருந்தது. "கரையோட உள்மண்ணு வெளியே வருது. சாயங்காலத்துக்குள்ள வாயைப் பிளந்துரும். அம்பது பேர் வேணும், மூட்டையோட."

பாஸ்கரராவ் சொம்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இத்தனை பேரும் அங்க வந்துட்டா இங்க யாரு? நாங்க நகந்ததும் படகு வந்து இறங்கணும், அதானே?"

"படகு எதுவும் வராது பாஸ்கரராவ் காரு."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கேர்ந்து சேதி வந்துச்சா?"

"வெள்ளத்துல தண்ணி கலங்காம பன்னீராவா வரும் மாமா?" என்றான் பெத்தபாபு. பத்துப் பேர் சிரித்தார்கள்.

அவர் சொம்பிலிருந்த தண்ணீரைக் கீழே ஊற்றினார். அவர் முகத்தை நான் அப்போது நன்றாகப் பார்த்தேன். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. உதடு வெடித்திருந்தது. கோபம் இல்லை. நாலு மைல் சுமையை இறக்கி வைக்க இடம் தேடி அலுத்த முகம் அது. திரும்பி, கரைமேல் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தார். இலந்தைப் புதருக்கு அப்பால் மறைந்தார். நான் ஊசியில் சணலைக் கோத்து ஒரு மூட்டையைத் தைத்தேன். இரண்டாவது மூட்டையில் பாதியில் இருந்தபோது அவர் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"படகு! பழைய மதகுகிட்ட! நாலு பேரு, கடப்பாரையோட! என் கண்ணால பாத்தேன்!"

யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அறுபது பேரும் கரைமேல் பறந்தோம். கழியும் கடப்பாரையுமாக, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. பாஸ்கரராவ் வேட்டியை மடித்துக்கட்டி எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

மதகடியில் படகு இல்லை. ஆள் இல்லை. ஆனால் கரையின் அடிவாரத்தில் முறத்தளவு வட்டத்தில் செந்நீர் கொதிப்பது போல் புரண்டுகொண்டிருந்தது. அதற்கு மேலே கரையின் முதுகு ஒரு சாண் இறங்கியிருந்தது. கடைசியாக மூச்சிரைக்க வந்து சேர்ந்த திரிமூர்த்துலுவைப் பாஸ்கரராவ் திரும்பிப் பார்த்தார்.

"எங்க?"

"ஓடிட்டாங்க" என்றார் அவர். "வெட்டிட்டு ஓடிட்டாங்க. இப்ப நின்னு பேசற நேரமா? மூட்டையைக் கொண்டாங்கடா!"

பொழுது சாயும்வரை வேலை நடந்தது. பெண்கள் வரிசையாக நின்று மூட்டை கடத்தினார்கள். தென்னை மரம் இரண்டை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். குமிழியைச் சுற்றி மூட்டைகளால் கிணறு போல் வளையம் கட்டி உயர்த்தினோம். உள்ளே தண்ணீர் ஏறி ஏறி, அதன் கனத்திலேயே வேகம் அடங்கியது. திரிமூர்த்துலு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சொம்பில் மொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் சொம்பின் அடி தெரிந்தது. கரை நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்தபோது மூங்கிலில் தண்ணீர் ஒன்றரை அடி இறங்கியிருந்தது. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. பொதலபாட்டுக்குக் கீழே அவர்கள் கரை உடைந்துவிட்டது. எங்கள் பக்கம் சிலர் கை தட்டினார்கள். "நமக்கு வெட்டின குழியில அவனுங்களே விழுந்தானுங்க" என்றான் பெத்தபாபு. திரிமூர்த்துலு கரைமேல் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மங்காயம்மா அவர் பக்கத்தில் நின்று, "பொண்ணு, பொண்ணு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எட்டு நாள் கழித்துத்தான் அவரால் ஆற்றைக் கடக்க முடிந்தது. அரிசி மூட்டை, பழைய துணிகள், ஒரு ஜாடி ஆவக்காய். நாகரத்னம் உயிரோடு இருந்தாள், பிள்ளைகளும் இருந்தார்கள். வீட்டின் மண்சுவர் கரைந்து கூரை மட்டும் தரையில் கிடந்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அங்கே நடந்ததை அவர் என்னிடம் பிறகு சொன்னார்.

ஏடுகொண்டலு துறையிலேயே நின்றானாம். மூட்டையை வாங்கவில்லை. "நாங்க கரை வெட்ட வந்தோம்னு சொன்னது நீங்கதானாமே மாமா? உங்க கண்ணாலேயே பாத்தீங்களாமே?"

அவர் கொண்டுபோன அரிசிக்கு முன்னால் சேதி ஆற்றைக் கடந்திருந்தது. அதைவிட மோசம், அந்தக் கரையில் அவர்களுக்கும் ஒரு சேதி இருந்தது. அன்று பிற்பகல் கொமரலங்காக்காரர்கள் அறுபது பேர் கடப்பாரையோடு கரைமேல் கீழ்ப்பக்கமாக ஓடியதை அவர்கள் ஊரே பார்த்திருக்கிறது. படகேறி வந்து தங்கள் கரையை வெட்டத்தான் அந்த ஓட்டம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். விடியும் முன் அவர்கள் கரை உடைந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

திரும்பி வந்ததும் அவர் நேராகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார். அன்று பத்துப் பதினைந்து பேர் இருந்தோம்.

"படகு எதுவும் வரலை. நான் யாரையும் பாக்கலை. உங்களை மதகுக்கு வரவைக்கப் பொய் சொன்னேன். கரை கசிஞ்சது நண்டு வளையால. அவ்வளவுதான்" என்றார் நின்றபடியே.

பாஸ்கரராவ் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். அன்பாகத்தான் வைத்தார். "புரியுது திரிமூர்த்துலு. பொண்ணு அங்க வாழணும். மருமகன் மிரட்டியிருப்பான். நீங்க வெளியே இப்படியே சொல்லிக்குங்க, நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம். இந்த ஊரைக் காப்பாத்தினது நீங்க. அது எங்களுக்குத் தெரியும்."

பாசனத் துறைக்கு அவர் கொடுத்த அறிக்கையிலும் நண்டு வளை என்றுதான் இருந்தது. ஒரு என்ஜினியர் வந்து தோண்டிப் பார்த்து அதையே எழுதிக்கொண்டு போனார். ஊரில் அதற்கும் விளக்கம் தயாராக இருந்தது. கலவரம் வராமல் இருக்க மேலிடம் மூடி மறைக்கிறது. மறைக்க ஒன்றும் இல்லாவிட்டால் என்ஜினியர் ஏன் வரவேண்டும்?

இரண்டு வருடம் படகு ஓடவில்லை. நிச்சயமான கல்யாணம் மூன்று நின்றது. பொதலபாட்டிலிருந்து சந்தைக்கு வந்த பால்காரன் ஒருவனின் கையை எங்கள் ஆட்கள் முறித்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று திரிமூர்த்துலு சாப்பிடவில்லை என்று மங்காயம்மா சொன்னாள். நாகரத்னம் தீபாவளிக்கு வருவதும் நின்றது. மகளைப் பார்க்க அவர் பாலம் இருக்கும் ஊர் வரை பஸ்ஸில் போய்ச் சுற்றிக்கொண்டு, பாதி நாள் பயணம் செய்து போய்வருவார். ஏடுகொண்டலு அவருக்குப் பாயைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவான்.

ஒரு நாள் சட்டைப் பொத்தான் தைக்க என் கடைக்கு வந்தவர் திடீரென்று கேட்டார்: "சுப்பராயுடு, நான் சொல்றதை நீயாவது நம்புறியா?"

"நீங்க சொன்னா நம்பாம இருப்பேனா மாமா?"

"அன்னைக்கும் அப்படி நம்பித்தான ஓடினே?"

எனக்கு ஊசி கையில் நின்றுவிட்டது. அவர் குத்திக்காட்டவில்லை. களைப்போடு, உள்ளதைச் சொன்னார். அப்போதுதான் நான் அந்தப் பிற்பகலை முதல் முறையாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். அவர் இலந்தைப் புதருக்கு அப்பால் மறைந்து திரும்பி ஓடிவருவதற்குள் நான் தைத்தது ஒன்றரை மூட்டை. மதகுக்குப் போகவே ஒன்றரை மைல், திரும்ப ஒன்றரை. அந்தக் குதிகாலோடு. அறுபது பேரில் ஒருவருக்குக்கூட அன்று இது தோன்றவில்லை, அத்தனை வருடம் எனக்கும் தோன்றவில்லை. அதை அவரிடம் சொன்னேன்.

"இது சரி. இதை நம்பு. என்னை நம்பாதே" என்றார். "அன்னைக்கு வேற என்ன செஞ்சிருக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். கால்ல விழுந்திருக்கலாமா? பாஸ்கரராவை இழுத்துட்டுப் போயிருக்கலாமா? ஒண்ணும் நடந்திருக்காது. புதருக்குப் பின்னால நின்னு மூச்சு வாங்கினேன். இவனுங்க எதைக் கேட்டா ஓடுவானுங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சதைச் செஞ்சேன். கரை நின்னுச்சு. தப்புன்னும் சொல்ல முடியலை. சரின்னு சொல்லிட்டுத் தூங்கவும் முடியலை."

அதற்குப் பின் அவர் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஓய்வு பெற்றார். சுருட்டு பிடித்தபடி கரையில் உட்கார்ந்திருப்பார். வெளியூர்க்காரர்கள் வந்தால், "இவர்தான் அந்த லஸ்கர்" என்று காட்டுவார்கள். எழுந்து போய்விடுவார்.

தொண்ணூற்றேழில் நெஞ்சுவலி வந்து இறந்தார். நாகரத்னம் வந்தாள். ஏடுகொண்டலுவும் வந்து வாசலோரம் நின்றான். உடலை எடுக்கும் முன் பாஸ்கரராவ் நாலு வார்த்தை பேசினார். வயதாகி அவர் குரல் நடுங்கியது, உண்மையாகவே கண் கலங்கியது. "பெத்த மகளை அந்த ஊர்ல வச்சுக்கிட்டும், அந்த ஊர்க்காரங்க சதியைக் கண்டுபிடிச்சுச் சொன்ன மனுசன்" என்றார். மகள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

என்னால் முடியவில்லை. "அப்படி ஒண்ணும் நடக்கலைங்க" என்று எழுந்தேன். ஒன்றரை மூட்டையைச் சொன்னேன், ஒன்றரை மைலைச் சொன்னேன், நண்டு வளையைச் சொன்னேன். வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பெத்தபாபு என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தான். "விடு சுப்பராயுடு. சாவு வீட்டுல அதெல்லாம் எதுக்கு? பொண்ணு மனசு நோகக்கூடாதுன்னு சொல்றே, தெரியுது."

எரித்துவிட்டு வந்தபின் நாகரத்னத்திடம் போனேன். அவள் பஸ்ஸுக்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது நிஜந்தாம்மா" என்றேன்.

"தெரியும் மாமா. அப்பா எட்டாம் நாளே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டார். நான் அன்னைக்கே நம்பினேன்."

"அப்ப மாப்பிள்ளை?"

அவள் வாசலைப் பார்த்தாள். ஏடுகொண்டலு இரண்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றான். "அவருக்கும் ரொம்ப நாளாத் தெரியும்னுதான் நினைக்கிறேன். ஆனா வீடு போச்சு, ஊரு போச்சு, அதுக்கு யாரையாவது கோவிச்சுக்கணுமே. நான் எடுத்துச் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். இப்பல்லாம் சொல்றதில்லை."

பஸ் வந்தது. மங்காயம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். அந்த வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடந்தது, பிறகு புதிதாக வந்த லஸ்கர் குடும்பம் குடியேறியது.